வாசலில் நின்ற கடன்: வசூல் முகவர்களை நீதிமன்றம் கேள்வி கேட்ட வரலாறு

தமிழில் ‘கடன்காரர்’ என்னும் ஒரே சொல் இருவரைக் குறிக்கிறது. வாங்கியவரும் கடன்காரர், கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்டு வாசலில் வந்து நிற்பவரும் கடன்காரர். இருவருக்கும் இடையே இருப்பது அந்த வாசற்படி மட்டுமே. கேட்க வந்தவர் எங்கே நிற்கலாம், எந்த நேரத்தில் வரலாம், உள்ளே நுழையலாமா, வீட்டுப் பெண்களிடம் பேசலாமா என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடை சொல்லியிருக்கிறது. இன்று வங்கியின் பெயரால் தொலைபேசியில் மிரட்டும் வசூல் முகவர் மீது ஒரு சாதாரண குடும்பம் வழக்குத் தொடுக்க முடிகிறதென்றால், அந்த உரிமை ஒரே நாளில் கிடைத்ததன்று. அது வந்த வழியை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

நம் கரையிலிருந்தே தொடங்குவோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மஅபர் எனப்பட்ட பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்கோ போலோ, இங்கே தாம் கண்ட ஒரு வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். பலமுறை கேட்டும் நாளை நாளை என்று இழுத்தடிக்கும் கடனாளியைச் சுற்றி, கடன் கொடுத்தவர் தரையில் ஒரு வட்டம் வரைந்துவிடுவார். கடனைத் தீர்க்காமலோ பிணை கொடுக்காமலோ அந்த வட்டத்தைத் தாண்டினால் மரண தண்டனை. அரசரே ஒரு வெளிநாட்டு வணிகருக்குக் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போட்டு வந்தபோது, அந்த வணிகர் குதிரைமேல் இருந்த அரசரைச் சுற்றி வட்டம் இட்டாராம். வணிகருக்குச் சேர வேண்டியதைத் தீர்க்கும்வரை அரசர் அங்கிருந்து நகரவில்லை. இதைத் தம் கண்ணால் கண்டதாகவே போலோ எழுதுகிறார். காயல் துறைமுகத்தில் ஹுர்முஸ், ஏடன் பகுதிகளிலிருந்து குதிரைகளோடு வந்து இறங்கிய வணிகர்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அந்த வட்டத்தை வரைந்தவர் யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நமக்கு இதில் முக்கியமானது வேறொன்று. அந்த வட்டம் தரையில் வரையப்பட்ட ஒரு கோடு மட்டுமே. அடியோ உதையோ இல்லை. வீட்டுக்குள் புகுந்து பாத்திரத்தைத் தூக்கிச் செல்லுதலும் இல்லை. அந்தக் கோட்டுக்குப் பின்னால் நாட்டின் சட்டம் நின்றது. அதே சட்டம் அரசரையும் கட்டியது.

இதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த இமாம் மர்ஃகீனானீ (ரஹ்) தம் ‘ஹிதாயா’ நூலில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். ஹனஃபி மத்ஹபின் அடிப்படை நூல்களில் ஒன்று அது. 1791இல் சார்லஸ் ஹாமில்டன் அதை ஆங்கிலத்தில் வெளியிட, கம்பெனி ஆட்சியின் நீதிமன்றங்களிலும் அது மேசைக்கு வந்தது. கடனாளியைப் பின்தொடர்தல், அதாவது ‘முலாஸமா’ பற்றி அதில் ஒரு பகுதி உண்டு. கையில் ஒன்றுமில்லை என்று காதி முன்னிலையில் உறுதியாகிவிட்டால் கடனாளியைச் சிறையில் வைத்திருக்க முடியாது. ஆனால் கடன் கொடுத்தவர் அவருடன் கூடவே செல்லலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அந்த அனுமதிக்கு விதிக்கப்பட்ட எல்லைகளே நாம் நின்று பார்க்க வேண்டியவை. அவர் தொழில் செய்வதைத் தடுக்கக் கூடாது. பயணம் செய்வதைத் தடுக்கக் கூடாது. தம் தேவைக்காக அவர் வீட்டுக்குள் சென்றால் பின்தொடர்ந்து உள்ளே நுழையக் கூடாது. அவர் வெளியே வரும்வரை வாசலில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். கடன்பட்டவர் பெண்ணாக இருந்தால் ஓர் ஆண் அவரைப் பின்தொடரவே கூடாது. நம்பிக்கையான ஒரு பெண்ணையே அனுப்ப வேண்டும்.

இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் இதற்கும் ஒப்பவில்லை. வசதியின்மை தீர்ப்பாகிவிட்டால், வசதி வரும்வரை பின்தொடரவும் கூடாது என்றனர். கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் முடிவும் அதுவே. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ சிறையையும் பின்தொடர்தலையும் ஒருங்கே விலக்கி, அவகாசம் தரச் சொல்கிறது. சிரமத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை தவணை கொடுப்பது திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனத்தில் உள்ள கட்டளை. வசதியிருந்தும் கொடுக்காமல் இழுத்தடிப்பது அநீதி என்பது நபிமொழி. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கலாம், நேர்மையாக இராது.

இந்தியாவின் பிற பகுதிகளில் கடன் கொடுத்தவர் கடனாளியின் வாசலில் பட்டினியோடு உட்கார்ந்துவிடும் ‘தர்ணா’ என்னும் வழக்கம் நெடுநாள் இருந்தது. இன்று ஆர்ப்பாட்டத்துக்கு வழங்கும் அந்தச் சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று இது. தெய்வக் கோபத்துக்கு ஆளாக்குவதாக நம்பவைத்து ஒருவரை நிர்ப்பந்திப்பதை 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 508ஆம் பிரிவில் குற்றமாக்கியது. அதற்குத் தந்த எடுத்துக்காட்டே வாசலில் தர்ணா இருப்பதுதான். கடனுக்காக ஒருவரைப் பிடித்து அடைக்கும் அதிகாரத்தைத் தனிமனிதரிடமிருந்து எடுத்து அரசு தன் கையில் வைத்துக்கொண்டது. 1908இன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் அந்த அதிகாரத்தை வரிசைப்படுத்திற்று.

அந்தச் சட்டத்தைப் புரட்டுகையில், ஹிதாயாவின் வாசற்படி மீண்டும் கண்ணில் படுகிறது. பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ 56ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. 55ஆம் பிரிவின்படி, கைது செய்ய வரும் அதிகாரி சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. ஓர் அறையில், நாட்டு வழக்கப்படி வெளியார் முன் வராத பெண் இருந்தால், அவர் விலகிச் செல்லலாம் என்று அறிவித்து, போதிய நேரம் கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். நீதிமன்றத்தின் முத்திரையோடு வரும் அமீனாவுக்கே இத்தனை கட்டுப்பாடு! ஒரு தனியார் நிறுவனம் ஒப்பந்தத்துக்கு அமர்த்திய ஆளுக்கு இதைவிடக் கூடுதல் உரிமை எங்கிருந்து வந்தது என்பதே பின்னாளைய வழக்குகள் அனைத்திலும் ஒளிந்திருந்த கேள்வி.

வசதியற்றவரைச் சிறையில் அடைக்கலாமா என்பது 1980 பிப்ரவரி 4 அன்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பாங்க் ஆஃப் கொச்சின் என்பது வழக்கு. கேரளத்தைச் சேர்ந்த கடனாளிகள் மீது வங்கி தீர்ப்பு பெற்றிருந்தது. அவர்களைப் பிடித்துச் சிறையில் வைக்க ஆணையும் பிறந்திருந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு, பணம் கட்டாததே சிறைக்குப் போதுமான காரணம் ஆகாது என்றது. கையில் இருந்தும் மறைக்கிறார், வேண்டுமென்றே ஏய்க்கிறார் என்னும் தீய எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டும். அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பும், இந்தியா 1979இல் ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 11ஆம் உறுப்பும் அவர் காட்டிய ஆதாரங்கள். இயலாதவரையும் ஏய்ப்பவரையும் பிரித்துப் பார்க்கும் இந்தக் கோடு நம் ஃபிக்ஹ் நூல்களைப் படித்தவர்களுக்குப் பழக்கமானதே.

நீதிமன்றக் கதவு இப்படிக் குறுகியபோது, வேறொரு கதவு திறந்தது. 1991க்குப் பிந்தைய தாராளமயத்தில் தனியார் வங்கிகள் வந்தன. இருசக்கர வாகனம், கார், லாரி, கடனட்டை, தனிநபர் கடன் என்று எல்லாமே தவணையில் கிடைத்தன. தவணை தவறியவர் மீது வழக்குப் போட்டால் ஆண்டுகள் ஆகும். ஆகவே வசூல் வேலை வெளி முகமைகளுக்குப் போயிற்று. எவ்வளவு வசூலிக்கிறாரோ அவ்வளவு கமிஷன் என்பது முகவரின் கூலியானால், அவருடைய நாவுக்கு எல்லை வைப்பவர் யார்? பலவந்தம் எங்கும் எழுதப்பட்ட கட்டளையாக இருந்ததில்லை. ஊதிய முறையே அதைச் செய்துகொடுத்தது.

இந்தப் பின்னணியில்தான் 2007 பிப்ரவரி 26இல் வந்த தீர்ப்பை வைத்துப் பார்க்க வேண்டும். ஐசிஐசிஐ வங்கி எதிர் பிரகாஷ் கௌர் என்பது அதன் தலைப்பு. லாரிக்குக் கடன் வாங்கிய ஒரு பெண் தவணை தவறினார். வங்கியின் ஆட்கள் வண்டியைப் பலவந்தமாக எடுத்துச் சென்றார்கள் என்பது அவருடைய புகார். குற்ற வழக்குப் பதிவு செய்ய வேண்டுமென்று அவர் அலகாபாத் உயர் நீதிமன்றத்தை நாடினார். அங்கே பிறந்த உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது வங்கி. அமர்வில் இருவர். ஒருவர் நம் தேவகோட்டையில் பிறந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன், அவர் ஓய்வு பெற ஒரு மாதம்கூட இல்லை. மற்றவர் நீதிபதி அல்தமஸ் கபீர். பின்னாளில், 2012இல், இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனவர். சட்டத்தின் ஆட்சி நடக்கும் நாட்டில் கடனை வசூலிப்பதும் வண்டியைக் கைப்பற்றுவதும் சட்ட வழியில் மட்டுமே நடக்க வேண்டும். அடியாட்களை வைத்து வங்கி எதையும் பறிக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு அழுத்தமாகச் சொன்னது. வங்கியைப் பார்த்து அத்தகைய சொல்லை உச்ச நீதிமன்றம் பயன்படுத்தியது அன்று பத்திரிகைகளில் பெரிய செய்தியாயிற்று.

அடுத்த ஆண்டு வந்தது இன்னும் கனமான வழக்கு. தில்லியில் ஓர் இளைஞர் தனிநபர் கடனும் வாகனக் கடனும் பெற்றிருந்தார். வசூலுக்கு வந்தவர்கள் அவமானப்படுத்தியதைத் தொடர்ந்து அவர் உயிரை மாய்த்துக்கொண்டதாக அவருடைய தாய் உயர் நீதிமன்றம் சென்றார். உயர் நீதிமன்றம் வங்கியைப் பற்றிக் கூறிய கடும் சொற்களை நீக்க வேண்டுமென்று வங்கி உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. 2008 மே 15 அன்று அந்த மேல்முறையீடு தள்ளுபடியானது. நாம் இங்கே கவனிக்க வேண்டியது, வழக்காடியவர் யார் என்பது. கடனில் அந்தத் தாயின் கையெழுத்து இல்லை. இழப்பு மட்டும் அவருடையது. ஒரு பெரிய வங்கியின் வழக்கறிஞர்களுக்கு எதிரே நின்று, சொன்ன சொல் அழியாமல் காத்தவர் அவர்.

அந்தத் தீர்ப்புக்கு மூன்று வாரங்களுக்கு முன், 2008 ஏப்ரல் 24 அன்று, ரிசர்வ் வங்கி வசூல் முகவர்கள் குறித்த விரிவான வழிகாட்டுதலை வெளியிட்டிருந்தது. எந்த முகமையிடம் கணக்கை ஒப்படைத்திருக்கிறோம் என்பதை வங்கி கடனாளிக்குத் தெரிவிக்க வேண்டும். வரும் முகவர் அதிகாரக் கடிதமும் அடையாள அட்டையும் வைத்திருக்க வேண்டும். தொலைபேசி உரையாடல்கள் பதிவாக வேண்டும். முகவர்களுக்குப் பயிற்சி வேண்டும். முறையற்ற நடத்தையைத் தூண்டும் விதமாக வசூல் இலக்கும் ஊக்கத்தொகையும் அமையக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, முகவர் செய்ததற்கு வங்கியே பொறுப்பு. ‘அது எங்கள் ஆள் இல்லை, வெளி முகமை’ என்று கைகழுவும் வழி இதனால் அடைபட்டது. 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கை நேரத்தையும் குறித்தது: காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. குறுங்கடன் பெற்றவர்களுக்கு இன்னும் கூடுதல் காப்பு. அவர்களைக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொடர்புகொள்ளக் கூடாது. அதே 2022இல் வந்த எண்மக் கடன் வழிகாட்டுதல், கடன் செயலிகள் கைப்பேசியின் தொடர்புப் பட்டியலைத் தொடவே கூடாது என்றது. மருமகனுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் செய்தி அனுப்பி மானத்தை வாங்கும் தந்திரம் எங்கிருந்து பிறந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இவ்விதியின் அருமை புரியும்.

வழக்குகளின் போக்கு எப்போதும் கடனாளி பக்கமே சாய்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 2011 நவம்பர் 14 அன்று, ஒரு கார் கடன் வழக்கில், தவணைக் கொள்முதல் ஒப்பந்தமாயினும் பலத்தால் பறிக்க இயலாது என்பதை உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அந்த வழக்கு நுகர்வோர் மன்றத்தில் தொடங்கி மேலே போனது என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் 2020 அக்டோபர் 1 தீர்ப்பில், தவணைக் கொள்முதலில் கடைசித் தவணை கட்டும்வரை வண்டியின் உரிமையாளர் நிதி நிறுவனமே என்றும், தவணை தவறினால் ஒப்பந்தப்படி பலவந்தமின்றித் திரும்ப எடுப்பது குற்றமாகாது என்றும் அதே நீதிமன்றம் கூறியது. இரண்டும் முரண்படவில்லை. எடுக்கும் உரிமை ஒன்று, எடுக்கும் முறை மற்றொன்று. வீடு, மனை அடமானத்தில் இருந்தால் 2002இன் சர்ஃபேசி சட்டம் வேறு வழியில் செல்லும். அங்கே 60 நாள் அறிவிப்பு உண்டு, அதைப் பிரிக்காமல் வைப்பதைவிடப் பெரிய தவறு இல்லை.

தமிழ்நாட்டில் இந்தப் போராட்டம் வங்கிக்கு வெளியே, கந்துவட்டிக்காரரின் திண்ணையில் தொடங்கியது. 2003இன் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி என்று தெருவில் வழங்கிய பெயர்களையே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மூன்று ஆண்டு வரை சிறை என்றது. இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் தீக்கிரையானது. சட்டம் ஏட்டில் இருப்பதற்கும் காவல் நிலையத்தில் இயங்குவதற்கும் உள்ள தொலைவை அந்த நாள் காட்டிற்று. 2025இல் சட்டப்பேரவை, கடன் வழங்கும் நிறுவனங்களின் வன்முறை வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது. குடும்பத்தாரைத் தொந்தரவு செய்வது, மிரட்டுவது, பின்தொடர்வது போன்றவை அதன் வரம்புக்குள் வருகின்றன.

இனி நம் மஹல்லாக்களுக்குள் வருவோம். இத்தனை வழி இருந்தும் நம் குடும்பங்கள் புகார் கொடுக்கத் தயங்குவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. வட்டிக்குக் கடன் வாங்கியது ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கம். ஜமாஅத்தில் சொன்னால், ‘ஹராமில் கையை வைத்தீர்கள், அனுபவியுங்கள்’ என்ற பதில் வருமோ என்ற அச்சம். வட்டி விலக்கப்பட்டது என்பதில் இரு கருத்து இல்லை. ஆனால் ஒருவர் செய்த தவறு இன்னொருவருக்கு அவரை இழிவுபடுத்தும் உரிமையைக் கொடுப்பதில்லை. ஸகாத்துக்கு உரிய எட்டு வகையினரில் கடன்பட்டவர்களும் உள்ளனர் என்பதை மிம்பரில் கேட்டிருக்கிறோம். அந்த வகையைச் சேர்ந்த ஒருவர் நம் தெருவில் இருக்கிறார் என்பது, வசூல் ஆள் வந்து கத்திய பிறகே நமக்குத் தெரியவருகிறதென்றால், வெட்கப்பட வேண்டியவர் அவர் மட்டுமா?

வழக்கு என்பது கடனை அழிப்பதற்கன்று. இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முகவர் மிரட்டினார் என்று ஆணையம் இழப்பீடு வழங்கினாலும், வாங்கிய தொகை பொறுப்பாகவே இருக்கும். காசோலை திரும்பிய வழக்கு தனியே நடக்கும். கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. மானத்தைப் பறிக்க உரிமை இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘அவன் திட்டினான், ஆகவே நான் கட்டமாட்டேன்’ என்று நிற்பவரின் வழக்கு தோற்கும். மறுமைக் கணக்கும் அப்படியே நிற்கும்.

நடைமுறையில் வழி இது. அல்பகராவின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே நீளமானது, கடனை எழுதி வைக்கச் சொல்வதற்கென்றே இறங்கியது. தொந்தரவையும் அப்படியே எழுதி வைக்க வேண்டும். அழைப்பு வந்த நாள், நேரம், எண், பேசியவர் சொன்ன பெயர், வீட்டில் யார் இருந்தார்கள் என்பவை ஒரு நோட்டில் இருக்கட்டும். முதலில் வங்கிக்கு எழுத்துமூலம் புகார். 30 நாட்களில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தி தரவில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2021 நவம்பர் 12இல் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டம், இழப்புக்கு 20 லட்சம் ரூபாய் வரையும், மன உளைச்சலுக்குத் தனியே 1 லட்சம் வரையும் வழங்க வகை செய்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் மற்றொரு வழி. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் அங்கே செல்ல வேண்டும், வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடவும் முடியும். வழக்கில் எதிர்த்தரப்பாகக் காட்ட வேண்டியது முகமையை மட்டுமன்று, அதை அனுப்பிய வங்கியையும்தான். வீட்டுக்குள் அத்துமீறினாலோ உயிருக்கு மிரட்டல் விடுத்தாலோ அது காவல் நிலையத்துக்கு உரியது. அங்கே நுகர்வோர் ஆணையத்தின் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

2008 வழிகாட்டுதலில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. கடனாளியின் புகார் நிலுவையில் இருக்கும்போது, அது தீர்க்கப்படும்வரை அந்தக் கணக்கை வங்கி வசூல் முகமைக்கு அனுப்பக் கூடாது. வேண்டுமென்றே தொடர்ந்து பொய்ப் புகார் கொடுப்பவருக்கு இது பொருந்தாது. மற்றவர்களுக்கு, தபாலில் அனுப்பிய புகாரின் ஒப்புகைச் சீட்டு அதற்கான ஆதாரம். முகவர் வாசலுக்கு வரும் நாளில் வீட்டில் ஆண்கள் இல்லாமல் போகலாம். அந்தச் சீட்டின் நகல் எங்கே இருக்கிறதென்று வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.